துண்டு போட்ட கட்டில்கள்

காலை ஆறரை மணி. ஆண்கள் அறுவைப் பிரிவின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறேன். நாற்பது கட்டில்கள். மூன்றே மூன்று தலைகள்.

மற்ற கட்டில்களில் ஆள் இல்லை, துண்டு இருந்தது. காவித் துண்டு, பூப்போட்ட துண்டு, கட்டம் போட்ட லுங்கி. ஒன்றில் சீப்பு. இன்னொன்றில் பாதித் தண்ணீரோடு ஒரு பாட்டில். பேருந்து நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அதே மாதிரி எங்கள் நோயாளிகள் கட்டிலுக்கு இடம் பிடித்து வைத்துவிட்டுக் கிளம்பியிருந்தார்கள்.

அந்த மூன்று தலைகளில் ஒன்று, தொடை எலும்பு முறிந்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்த லாரி ஓட்டுநருடையது. என்னைப் பார்த்ததும் அவர் சொன்னார்: "சிஸ்டர், இந்த வெயிட்டை மட்டும் கழட்டி வுடுங்க. மலைக்குப் போயிட்டு சாயந்தரம் வந்துடறேன். வந்தப்புறம் நீங்களே மறுபடி மாட்டிக்கலாம்."

அன்றைக்கு ஆடிக் கிருத்திகை, திருத்தணி மலை முருகனுக்குக் காவடி எடுக்கும் நாள்.

அதே நாள் பத்து மணிக்குத்தான், இந்த இடத்தில் மருத்துவக் கல்லூரி தொடங்கலாமா கூடாதா என்று பார்த்து எழுத, மூன்று பேர் கொண்ட பார்வைக் குழு வரவிருந்தது. கட்டடம் எத்தனை மாடி, நூலகத்தில் எத்தனை நாற்காலி என்பதெல்லாம் அவர்கள் பார்ப்பார்கள்தான். ஆனால் முதலில் பார்ப்பது கட்டில்களை. நோயாளி இல்லாத ஆஸ்பத்திரியில் மாணவன் எதைப் பார்த்துப் படிப்பான்? நியாயமான கேள்வி. இரண்டு வருஷமாக ராத்திரி பகலாக உழைத்து அந்தக் கட்டில்களை நிரப்பியிருந்தோம். அவ்வளவு பேரும் ஒரே விடியற்காலையில் எழுந்து போய்விட்டார்கள்.

நாள் பார்த்த லட்சணம்

இதில் பெரிய கூத்து என்னவென்றால், அந்த நாளைக் கேட்டு வாங்கியதே நாங்கள்தான்.

அந்த வாரத்தில் எந்த நாள் உங்களுக்கு வசதி என்று குழுவிலிருந்து கேட்டிருந்தார்கள். எங்கள் அறக்கட்டளைத் தலைவர் கஜபதி ஐயா காலண்டரை எடுத்தார். அவர் பொதட்டூர்பேட்டைக்காரர். ஒரு விசைத்தறியில் ஆரம்பித்து, பிறகு பல கொட்டகைகளுக்கு முதலாளியானவர். நெற்றியில் விபூதி இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது. காலண்டரில் விரல் வைத்துச் சொன்னார்:

"கிருத்திகை அன்னிக்கே வரச் சொல்லிடலாம். அவன் வாசல்ல காலேஜ் கட்டறோம். அவன் நாள்லயே வரட்டும்."

அறையில் ஒன்பது பேர் இருந்தோம். எட்டுப் பேருக்கு உடம்பு சிலிர்த்தது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது, சத்தியமாக. நானும் அதே பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பெண்தானே.

ஒன்பதாவது ஆள் எங்கள் டீன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து, ஓய்வு பெற்ற பிறகு வந்து சேர்ந்தவர். "அன்னைக்கு என்ன விசேஷம்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ரொம்ப நல்ல நாள் சார்" என்று எட்டுப் பேரும் சொன்னோம். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆடிக் கிருத்திகை அன்று இந்த வட்டாரத்தில் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள், கடையில் இருக்கமாட்டார்கள், தறி ஓடாது, ஆந்திரப் பக்கத்திலிருந்துகூட வண்டி வண்டியாகக் காவடி வரும் என்பது எங்களுக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் 'இந்த வருஷம் ஆஸ்பத்திரிக்காக நாம் மலைக்குப் போகாமல் இருப்போம்' என்று ஒவ்வொருவரும் தன்னைப் பற்றியே பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தோம். நோயாளிக்கும் அதே முருகன்தான் என்பது ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. நாள் செய்வதை நல்லவர் செய்யார் என்பார்கள். எங்கள் விஷயத்தில் நல்லவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து அந்த நாளைச் செய்தோம்.

மூடிக் கிடந்த கேட்

அரசாங்க ஆஸ்பத்திரியில், சென்னையில், நல்ல பதவியில் இருந்தவள் நான். அதை விட்டுவிட்டு இந்தப் பாறைக்காட்டுக்குத் தலைமை நர்சாக ஏன் வந்தேன் என்று வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். இத்தனை வாரமாகச் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

என் அக்காவை மணவூரில் கொடுத்திருந்தோம். முதல் பிரசவம். வலி எடுத்து இரண்டு நாளாகியும் பிள்ளை இறங்கவில்லை. வேனில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி போனது. பிறகு எதிர்ப்பக்கம் இன்னொன்று. நான் அப்போது நர்சிங் இரண்டாம் வருஷம். அக்காவின் தலை என் மடியில் இருந்தது. என்ன செய்யவேண்டும் என்று பாதி தெரியும், மீதி தெரியாது. கேட் திறக்கும்போது பிள்ளை பிறந்திருந்தது. அழவில்லை.

அக்கா பிழைத்துக்கொண்டாள். அதன் பிறகு அவளுக்குக் குழந்தை இல்லை. இன்றைக்கும் கூட்ஸ் வண்டிச் சத்தம் கேட்டால் எனக்குக் கோபம் வரும். யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அதனால், 'கேட்டுக்கு இந்தப் பக்கமே ஒரு பெரிய ஆஸ்பத்திரி, அதில் எந்நேரமும் டாக்டர், கூடவே படிக்கிற பிள்ளைகள்' என்று கஜபதி ஐயா வந்து சொன்னபோது, சம்பளம் என்ன என்றுகூட நான் கேட்கவில்லை. ஒரு சின்ன ஊரில் ஆஸ்பத்திரி மட்டும் வைத்தால் இரண்டு வருஷத்தில் டாக்டர்கள் சென்னைக்குப் போய்விடுவார்கள். கல்லூரி இருந்தால்தான் நிற்பார்கள். அந்த அனுமதி எனக்கு வெறும் காகிதம் இல்லை.

கல்லாஸ்பத்திரி

திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகிற வழியில், பாறை உடைத்துப்போட்ட இடத்தில் எங்கள் கட்டடம். பெயர்ப் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் ஊர் வைத்த பெயர் கல்லாஸ்பத்திரி. டவுன் பஸ் கண்டக்டர்கூட "கல்லாஸ்பத்திரி எறங்கு" என்றுதான் கத்துவார்.

முதல் ஆறு மாதம் ஈ ஓட்டினோம். "காலேஜ் வரப்போவுதாம். நம்பள வெச்சுப் பசங்க அறுத்துப் பழகுவானுங்களாம்" என்று வதந்தி வேறு. தறிக் கொட்டகை தறிக் கொட்டகையாகப் போய், ஓடுகிற தறிச் சத்தத்துக்கு மேல் கத்தி, சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க விரல் நுனியில் குத்தி, ஒருவர் ஒருவராக வரவழைத்தேன்.

வந்தவர்களிடம் நாங்கள் கற்றுக்கொண்டதும் நிறைய. செவ்வாய், வெள்ளியில் யாரும் டிஸ்சார்ஜ் ஆகமாட்டார்கள். அறுவை சிகிச்சைக்கு ராகுகாலம் பார்க்காமல் நேரம் கொடுத்தால் கையெழுத்துப் போடமாட்டார்கள். வீட்டுக்குப் போகும்போது "போயிட்டு வரேன்" என்று நர்சிடம் சொல்லமாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வருகிறேன் என்று வாயால் சொல்லலாமா? பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். வெளியூரிலிருந்து வந்த நர்சுகள், "ஒரு நன்றிகூடச் சொல்லாத ஜனம்" என்று ஆரம்பத்தில் மூக்கைச் சிந்தினார்கள்.

அதனால் அன்று காலை அந்தத் துண்டுகளைப் பார்த்தபோது எனக்கு ஒன்று உடனே புரிந்தது. துண்டை விட்டுப்போனவன் திரும்பி வருகிறவன். ஆனால் பத்து மணிக்கு வரமாட்டான்.

ஊசி உள்ளே, ரொட்டி வெளியே

வரிசையாகக் கட்டில்களைப் பார்த்துக்கொண்டே போனேன். பதினேழாம் எண்ணில் நின்றேன்.

அது முனுசாமியின் கட்டில். பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். சர்க்கரை நோயில் இடது காலில் புண். ஒரு விரலை எடுத்தாகிவிட்டது. பக்கத்து விரலும் கறுத்துக்கொண்டு வந்தது. கறுப்பு மேலே ஏறினால் காலை எடுக்கவேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் கட்டிலில் நீலத் துண்டு. பக்கத்து மேஜையில் ரொட்டியும் பாலும் தொடாமல் இருந்தன. குறிப்பேட்டில், ஆறு மணிக்கு இன்சுலின் போட்டதற்கு நைட் டூட்டி நர்சின் கையெழுத்து.

மற்ற கட்டில்களைப் பார்த்துக் கோபம் வந்தது. இந்தக் கட்டிலைப் பார்த்ததும் பயம் வந்தது.

இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை மடமடவென்று இறங்கும். கை நடுங்கும், வேர்க்கும், பேச்சு குழறும், பிறகு ஆள் விழுவான். கவனிக்காவிட்டால் எழுந்திருக்கமாட்டான். முனுசாமி நல்ல நோயாளியாக ஊசியைப் போட்டுக்கொண்டு, நல்ல பக்தனாக ரொட்டியை ஒதுக்கிவிட்டு, மச்சான் பைக்கில் ஏறிப் போயிருக்கிறார். லாரி ஓட்டுநர்தான் சொன்னார்: "அவுங்க பாவா வந்து இட்டுகினு போனாரு சிஸ்டர். காவடி இருக்குதாமே."

ஏழு மணிக்கு டீன் வந்தார். வார்டு வார்டாகப் போய்ப் பார்த்துவிட்டு, என் அறை வாசலில் வந்து நின்றார்.

"என்ன சிஸ்டர் இது, ஒரு ஆளையும் காங்கலையே? எங்க போனாவ எல்லாரும்?"

"மலைக்கு சார்."

"ரொம்ப நல்ல நாள்னு சொன்னீங்களே!"

அதற்குள் மேனேஜர் தயாளன் செல்போனோடு ஓடிவந்தார். கெட்டிக்காரர், கெட்டிக்காரத்தனத்தை வைக்கிற இடம்தான் தெரியாது. "கவலையே வாணாம் சார். நம்ம ஐயா கொட்டாய்ங்கள்ல இருந்து ஆளுங்கள பஸ்ல ஏத்தி வரச் சொல்றேன். ஆளுக்கு ஒரு கட்டில், ஒரு குளுக்கோஸ் பாட்டில். சாயந்தரம் வரைக்கும் படுத்துகினு இருந்தா போதும்."

"படுக்க வையுங்க" என்றேன். "நான் திரும்பி வந்ததும் முதல் வேலையா, இவங்க யாரும் நோயாளி இல்லைன்னு குழுகிட்ட நானே சொல்லிடறேன்."

தயாளன் முகம் சுருங்கிப்போனது. அதற்கு அவசியமே ஏற்படவில்லை என்பது வேறு கதை. கொட்டகை கொட்டகையாகப் போன் அடித்துப் பார்த்தார். ஒருவர்கூட எடுக்கவில்லை. அவர்களும் மலையில்தான் இருந்தார்கள். போலிக்குக்கூட ஆள் கிடைக்காத நாளாகப் பார்த்து வைத்திருந்தோம்.

"திரும்பி வந்ததும்னா? நீங்க எங்க போறீங்க?" என்றார் டீன்.

முனுசாமி விஷயத்தைச் சொன்னேன். வேறு யாரையாவது அனுப்புங்கள் என்றார். அவரை அடையாளம் தெரிந்தவள், அந்தக் குடும்பம் எந்தப் பக்கமாக ஏறும் என்று தெரிந்தவள் நான்தான் என்றேன்.

"பத்து மணிக்கு நீங்க இல்லைன்னா நர்சிங் பத்தி அவங்க கேக்குறதுக்கு யாரு பதில் சொல்லுவா? இந்த வருஷம் கைவிட்டுப் போயிரும் சிஸ்டர்."

"போனா அடுத்த வருஷம் வரும் சார். முனுசாமி வருவாரா?"

டீன் ஆம்புலன்ஸ் சாவியை எடுத்து டிரைவரிடம் அவரே கொடுத்தார். அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த நிமிஷத்தில்தான்.

முகம் வேண்டாம், கால் போதும்

ஆம்புலன்ஸ் பாதி வழிதான் போனது. மீதியை நானும், நிர்மலா என்ற ஸ்டாஃப் நர்சும், வார்டு அட்டெண்டர் ஒருவரும் நடந்தோம். பம்பைச் சத்தம். எங்கே பார்த்தாலும் பூக்காவடி, மஞ்சள் துணி, "அரோகரா". கசங்கிய சாமந்தியும் கற்பூரமும் வியர்வையும் சேர்ந்த ஒரு வாசனை உண்டு. அது மூக்கில் ஏறினாலே சின்ன வயதிலிருந்தே என் கை தானாகக் குவியும். அன்றைக்கு நின்று கும்பிட நேரமில்லை.

தங்கள் குடும்பம் எப்போதும் குளத்தில் முழுகிவிட்டு அந்தப் பக்கத்துப் படி வழியாகத்தான் ஏறும் என்று கட்டுப் போடும்போதெல்லாம் முனுசாமி கதை சொல்லியிருக்கிறார். அந்தப் படியில் ஏறி, ஒரு திருப்பத்தில் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். அத்தனை முகத்தையும் பார்க்க முடியாது. காவடிக்கு அடியில் முகமே தெரியாது. அதனால் கால்களைப் பார்த்தேன். மஞ்சள் பூசிய கால், வெடித்த கால், மெட்டி போட்ட கால், கொலுசுக் கால். எல்லாம் வெறுங்கால். இவ்வளவு கால்களை என் வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை.

நிர்மலாதான் கத்தினாள்: "சிஸ்டர், பிளாஸ்டிக்!"

நீல நிறப் பிளாஸ்டிக் பையைக் கட்டுக்கு மேல் மாட்டி, கணுக்காலில் ரப்பர் பேண்ட் போட்ட ஓர் இடது கால், படியைத் தேடிக்கொண்டிருந்தது. வைத்த இடத்தில் நிற்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். தோளில் காவடி. முகமெல்லாம் வேர்வை. கண் எங்கேயோ இருந்தது. பின்னாலேயே பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் மனைவி தேவகி. "காலைலருந்து இப்டித்தான் உளறிகினு வராரு சிஸ்டர். சாமி வந்துருக்குதுன்னு நெனச்சேன்" என்றார்.

சாமி வரவில்லை, சர்க்கரை போயிருந்தது. விரலில் குத்திப் பார்த்தேன். எண் ரொம்பக் கீழே இருந்தது.

படியோரம் பானகம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு டம்ளரை வாங்கி அவர் வாயில் வைத்தேன். தலையை ஆட்டினார். "வெரதம்... வெரதம்..."

"இது பானகம்யா! முருகன் படியில முருகன் குடுக்கறான். வேணான்னு சொல்லுவியா?" என்று அதட்டினேன். வார்டில் ஊரே பயப்படுகிற அதட்டல் அது. குடித்தார். இரண்டாவது டம்ளர், மூன்றாவது. பத்து நிமிஷத்தில் கண் திரும்பி வந்தது. என்னை அடையாளம் தெரிந்ததும் முதல் வார்த்தை: "நீங்க எங்க சிஸ்டர் இங்க?"

கட்டு முழுதும் நனைந்து ஊறியிருந்தது. உடனே பிரித்துச் சுத்தம் செய்யவேண்டும். இறங்குங்கள் என்றேன்.

"காவடி நடுப்படியில நிக்கக் கூடாது சிஸ்டர். எங்க நைனா காலத்துலருந்து ஒரு வருசம்கூட நிக்கல."

"தேவகி எடுத்துப்பாங்க."

"அவ தலைல பால்குடம் கீதே."

"நிர்மலா..."

"அந்தப் பொண்ணு வாணாம். என்னை எறக்கறது நீங்க. தூக்கறதும் நீங்களே தூக்குங்க. அப்பதான் எறங்குவேன்."

நான் விரதம் இல்லை. காலையில் டீயும் பன்னும் சாப்பிட்டவள். அதைச் சொன்னேன். "அதெல்லாம் அவன் பாத்துப்பான்" என்றார் முனுசாமி. விவாதிக்க நேரமில்லை. செருப்பைக் கழற்றிப் படியோரம் விட்டேன். தோளோடு தோள் வைத்துக் காவடியை வாங்கிக்கொண்டேன். நிர்மலாவும் அட்டெண்டரும் இரண்டு பக்கமும் தாங்கி, அவரைக் கீழே கூட்டிக்கொண்டு போனார்கள்.

வெள்ளைச் சேலை, இடுப்பில் சாவிக்கொத்து, தோளில் பூக்காவடி. பக்கத்தில் தேவகி. மீதிப் படிகளை அப்படித்தான் ஏறினேன். தோள் எரிந்தது. பத்து மணி அடித்ததும் தெரியும். யாரோ மூன்று பேர் என் வார்டில் காலிக் கட்டில்களை எண்ணிக்கொண்டிருப்பார்கள் என்பதும் தெரியும்.

மொட்டைத் தலைகள்

நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது மணி ஒன்றரை. காலில் செருப்பு இல்லை. படியோரம் விட்டதை யாரோ போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். நெற்றியெல்லாம் விபூதி, சேலையெல்லாம் சாமந்தி.

குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஆந்திரப் பக்கத்து அம்மாள் ஒருவர், மருத்துவப் பேராசிரியர். ஒல்லியாக, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு பார்ப்பார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "தலைமை நர்ஸ் நீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். "காலையில் எங்கே இருந்தீர்கள்?" ஒரு நோயாளியைத் தேடிப் போனேன் என்றேன். "மற்றவர்களையும் சேர்த்துத் தேடியிருக்கலாம்" என்றார். கஜபதி ஐயா தலையைக் குனிந்துகொண்டார். பாவமாக இருந்தது.

இரண்டு மணிக்கு மேல் ஆரம்பித்தது பாருங்கள். டவுன் பஸ் ஒவ்வொன்றாக வந்து நின்றது. ஒவ்வொன்றிலிருந்தும் எங்கள் நோயாளிகள் இறங்கினார்கள். அத்தனையும் மொட்டை. மொட்டைக்கு மேல் சந்தனம். கையில் பிரசாதப் பை. வந்தார்கள், அவரவர் துண்டை எடுத்து உதறினார்கள், படுத்தார்கள். ஒருவர் எனக்கே பஞ்சாமிர்தம் கொடுத்தார்.

அந்த அம்மாளின் கண்கள் சுருங்கின. காலையில் ஆளே இல்லாத கட்டிலில், மத்தியானம் ஒரே மாதிரி தலையோடு இருபது பேர் வந்து படுத்தால் யார் நம்புவார்கள்? நானாக இருந்தாலும் நம்பமாட்டேன். குழுவில் இன்னொருவர், "பஸ்ஸில் ஏற்றி வந்திருக்கிறார்கள்" என்று அவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. தயாளன் காலையில் சொன்ன அதே வார்த்தை. செய்யாத தப்புக்கு அவமானப்படுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அம்மாள் நேராகப் பதினேழாம் கட்டிலுக்குப் போனார். புதுக் கட்டோடு படுத்திருந்த முனுசாமியிடம் தெலுங்கில் கேட்டார்: "உன்னை இங்கே யார் கூட்டிவந்தது? என்ன தருகிறேன் என்று சொன்னார்கள்?"

எங்கள் ஊர்ப் பக்கம் தெலுங்கு தெரியாதவர்கள் யார்? முனுசாமி எழுந்து உட்கார்ந்தார். காலையிலிருந்து அடக்கிவைத்திருந்ததையெல்லாம் தெலுங்கிலேயே கொட்டினார்.

"கூட்டியா வந்தாங்க? இழுத்துகினு வந்தாங்கம்மா! நடுப்படியில, காவடியோட! அதோ நிக்கறாங்களே, அந்த சிஸ்டர்தான். எங்க நைனா காலத்துலருந்து நிக்காத காவடி. நானு பாதிப் படியில எறங்கிட்டேன். ஊர்ல எந்த மூஞ்சை வெச்சுகினு நடப்பேன்? நீங்க பெரியவங்க மாதிரி தெரியுது. இவங்கள ஒரு வார்த்தை கேளுங்க! பதினாறு நாளா வெறும் கோதுமைக் கஞ்சியா ஊத்தறாங்க. அதையும் கேளுங்க!"

அம்மாள் என் நெற்றியைப் பார்த்தார், வெறுங்காலைப் பார்த்தார். முனுசாமியின் குறிப்பேட்டை எடுத்து ஆறு மணிக் கையெழுத்தைப் படித்தார். முதல் பக்கத்திலிருந்து பதினாறு நாளையும் புரட்டினார். பிறகு பக்கத்துக் கட்டில், அதற்கு அடுத்தது. மொட்டைத் தலைகளுக்குக் கீழே இருந்த தழும்புகளையும் தையல்களையும் ஒவ்வொன்றாகக் குறிப்போடு ஒத்துப் பார்த்தார். ஒன்றரை மணி நேரம். ஒன்றுகூடத் தவறவில்லை.

கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: "கூலிக்குப் படுத்தவன் இப்படிப் புகார் சொல்லமாட்டான். உங்கள் நோயாளிகள் நிஜம். ஆனால் பத்து மணிக்கு என்ன இருந்ததோ அதைத்தான் நான் எழுத முடியும்."

"அப்படியே எழுதுங்க மேடம்" என்றேன். சொல்லிவிட்டுக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

சொல்லாமல் வந்தவர்கள்

அந்த வருஷம் அனுமதி கிடைக்கவில்லை.

ஊரில் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். இரண்டு டாக்டர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். எனக்கும் சென்னையிலிருந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கடிதம் வந்தது, வேலைக்கு வருகிறீர்களா என்று. கிழித்துப் போடவில்லை, பொய் சொல்லக் கூடாது. ஒரு வாரம் மேஜை மேல் இருந்தது. பிறகு அதன் பின்பக்கத்தில் வார்டுக்கு வாங்கவேண்டிய பஞ்சு, கட்டுத்துணிக் கணக்கை எழுதினேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள், முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு கார் வந்து நின்றது. அதே அம்மாள். அன்றைக்கு நல்ல நாளும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. பட்டப்பகலில் ராகுகாலம். கட்டில் போதாமல் வராந்தாவில் பாய் போட்டிருந்தோம். காய்ச்சல் வார்டில் இரண்டு பாய்க்கு நடுவே நடக்க இடமில்லாமல் அம்மாள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். வெளியே வந்ததும் ஒரே கேள்விதான் கேட்டார்: "அந்தக் காவடிக்காரர் கால் என்ன ஆயிற்று?"

"இரண்டு விரல் போச்சு மேடம். கால் நிக்குது. தறி ஓட்டறார்."

கல்லூரி வந்தது. முதல் வகுப்புப் பிள்ளைகள் படித்து முடித்து டாக்டராகிவிட்டார்கள். அதில் இரண்டு பேர் இங்கேயே இருக்கிறார்கள். இப்போதெல்லாம் ஆடிக் கிருத்திகைக்கு ஒரு வாரம் முன்பே, யார் யார் மலைக்குப் போகிறீர்கள் என்று வார்டில் கேட்டு எழுதிக்கொள்கிறோம். அன்று காலை அவர்களுக்கு ஊசி அளவு வேறு. எங்கள் பிள்ளைகள் விரலில் குத்துகிற கருவியோடு படியோரம் நிற்கிறார்கள், பானகப் பானைக்குப் பக்கத்தில். நோயாளிகள் துண்டு போட்டுவிட்டுத்தான் இன்னமும் போகிறார்கள். அதை மாற்ற நான் முயலவில்லை.

கஜபதி ஐயா இப்போது இல்லை. கல்லூரிக் கூட்டங்களில் அவர் கடைசி வரைக்கும் ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். "நம்ம சிஸ்டரம்மா காலேஜுக்கோசரம் காவடி தூக்கினாங்க. அவன் சந்நிதியில நின்னு கேட்டாங்க. கொஞ்சம் லேட்டா குடுத்தான், ஆனா குடுத்தான்." எல்லோரும் கை தட்டுவார்கள். நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பேன். பெரியவர் மனம் நோகக் கூடாது என்று வாயைத் திறந்ததில்லை.

இப்போது சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்குச் சந்நிதியில் எனக்குக் கிடைத்தது ஒரு மூச்சு நேரம். பின்னாலிருந்து தள்ளினார்கள், முன்னாலிருந்து இழுத்தார்கள். தோள் எரிச்சலோடு நிமிர்ந்து பார்த்தேன். வாயில் வந்தது இதுதான்: "கறுப்பு விரலுக்கு மேல ஏறக் கூடாது முருகா. அந்தக் கால் நிக்கணும்."

காலேஜ் எனக்கு ஞாபகமே வரவில்லை.

இறங்கும்போது பாதிப் படியில்தான் நினைவு வந்தது. ஐயோ, கேட்கவில்லையே என்று அப்படியே நின்றுவிட்டேன். திரும்பி மேலே பார்த்தேன். தலைகள், காவடிகள், மேளம். மறுபடி ஏறினால் இன்னும் இரண்டு மணி நேரமாகும். கீழே பதினேழாம் கட்டிலில் கட்டுப் பிரித்தார்களோ இல்லையோ தெரியாது.

ஏறவில்லை. வெறுங்காலோடு வேகமாக இறங்கினேன்.